தாத்தா கட்டிய மர வீட்டை விற்கலாமா?

கேள்வி: "எங்கள் வீடு மாமனாரின் தாத்தா காலத்தில் கட்டியது. நடுவில் முற்றம் வைத்த ஓட்டு வீடு. தூண், உத்திரம் எல்லாம் பலாவும் அயனியும். நெல் வைக்கிற மர அறையும் இருக்கிறது. இப்போது வடக்குப் பக்கம் ஒழுகுகிறது. ஒரு தூணில் கறையான் ஏறிவிட்டது. பழைய மரம் வாங்குகிற வியாபாரி ஒருவர் மொத்தமாக விலை பேசுகிறார். இடித்துவிட்டு கான்கிரீட் வீடு கட்டலாம் என்கிறான் மகன். தான் இருக்கும்வரை ஒரு கட்டையும் வெளியே போகக் கூடாது என்கிறார் மாமியார். நடுவில் நான் என்ன சொல்வது?"

- வாசகி ஒருவர், கல்குளம் வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்.

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்பது பழமொழி. கட்டிய வீட்டைக் காப்பாற்றிப் பார் என்றும் அதோடு சேர்த்துக்கொள்ளலாம். வாசகியின் கேள்வியில் மரம், பணம், மனம் மூன்றும் கலந்திருக்கின்றன. மனதை வீட்டார்தான் பேசித் தீர்க்க வேண்டும். மரத்துக்கும் பணத்துக்கும் பதில் உண்டு. அந்தப் பதில் அவர் வட்டத்திலேயே, தக்கலைக்குப் பக்கத்தில், நானூறு ஆண்டுகளுக்கு மேலாக நின்றுகொண்டிருக்கிறது.

தாய்க்கொட்டாரம் சொல்வது

வேளிமலை அடிவாரத்தில் இருக்கிறது பத்மநாபபுரம் அரண்மனை. பள்ளிச் சுற்றுலாவில் பார்த்தவர்கள் பலர் இருப்பார்கள். பெரும்பாலானோர் நினைவில் நிற்பது ராஜாவின் மூலிகைக் கட்டிலும், கண்ணாடி போல மின்னுகிற கறுப்புத் தரையும்தான். ஆனால், விவசாயி நின்று பார்க்க வேண்டிய இடம் வேறு. அரண்மனையிலேயே பழைய பகுதியான தாய்க்கொட்டாரம்தான் அது.

இது 16-ஆம் நூற்றாண்டின் நடுவில் கட்டப்பட்டதாகக் கருதப்படுகிறது. அப்போது ஊருக்குப் பெயர் கல்குளம். வேணாட்டு அரசர்களின் இருப்பிடம். பின்னால் மார்த்தாண்ட வர்மா (ஆட்சி 1729 முதல் 1758 வரை) கோட்டையைக் கருங்கல்லில் எடுத்துக் கட்டினார். 1750-இல் அவர் நாட்டையே பத்மநாபசுவாமிக்கு அர்ப்பணித்தார். ஊருக்கும் பத்மநாபபுரம் என்று பெயர் வந்தது. நான்கு நிலை கொண்ட உப்பரிகை மாளிகை அவர் காலத்தில் எழுந்தது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தலைநகர் திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டது. 1956 நவம்பர் 1-இல் கல்குளம் வட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அரண்மனை நிற்கும் மண் தமிழ்நாட்டுடையது. அரண்மனையைப் பராமரிப்பது இன்றுவரை கேரள அரசின் தொல்லியல் துறை.

அரசர்கள் போனார்கள், தலைநகர் போனது, மாநில எல்லை மாறியது. மரம் அப்படியே நிற்கிறது. என்ன மாயம்?

மாயம் எதுவும் இல்லை. தாய்க்கொட்டாரம் அடிப்படையில் ஒரு நாலுகட்டு வீடு. நடுவில் திறந்த முற்றம், அதைச் சுற்றி நான்கு கட்டு, நாலா பக்கமிருந்தும் முற்றத்தை நோக்கிச் சரிகிற கூரை, மூலைக்கு ஒன்றாக நான்கு தூண்கள். இதே அமைப்பில், இதைவிடச் சிறிதாக, அந்தப் பகுதியில் வசதியுள்ள விவசாயக் குடும்பங்களும் வீடு கட்டின. வாசகியின் வீடும் அந்தச் சாதிதான். அரண்மனையில் செதுக்கு வேலை அதிகம். ஒரே பலா மரத்தில் குடைந்து செய்த தூண்கூட உண்டு. ஆனால், மரம் நிற்பதற்குச் செதுக்கு வேலை காரணம் இல்லை. மழைத் தண்ணீரை எங்கேயும் தங்கவிடாமல் வெளியே அனுப்பியதுதான் காரணம்.

மர வீடு வயதாகிச் சாவதில்லை. தண்ணீரால்தான் சாகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு, கூரையில் விழும் ஒரு துளி மழைக்குப் பின்னாலேயே போய்ப் பார்த்தால் பழைய தச்சர்களின் கணக்கு முழுவதும் புரிந்துவிடும்.

மழைத்துளியின் பாதை

கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு மழை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு. மரம் உலர்வதற்குக் கிடைக்கும் நாட்கள் குறைவு. அதனால்தான் அந்தப் பக்கத்துக் கூரைகள் அத்தனை செங்குத்தாக இருக்கின்றன. துளி விழுந்ததும் உருண்டு கீழே போய்விட வேண்டும். ஓட்டின் மேல் உட்காரவே கூடாது.

அடுத்தது இறவாணம். கூரை சுவரோடு நிற்காமல், சுவரைத் தாண்டி நன்றாக வெளியே நீண்டு தாழ்ந்திருக்கும். குனிந்துதான் உள்ளே போக வேண்டும். பெரியவர்களுக்கு மரியாதை என்று இதற்குக் காரணம் சொல்வார்கள். தச்சருக்குத் தெரிந்த காரணம், சாரல் சுவரிலும் தூணிலும் படக்கூடாது என்பது. வெயிலும் நேராக உள்ளே வராது.

மேல்தளச் சுவர்களில் பலகைக்குப் பதிலாகச் சாய்த்து வைத்த மரச் சட்டங்கள் இருக்கும். காற்று வரும், வெளிச்சம் வரும், மழை வராது. கூரையின் இரு முனைகளிலும் முக்கோணமாக முகப்பு வைத்து அதில் திறப்பு விட்டிருப்பார்கள். சூடான காற்றும் அடுப்புப் புகையும் அந்த வழியாக ஏறி வெளியே போய்விடும். போகிற வழியில் புகை கைமரங்களில் படியும். புகை படிந்த மரத்தைப் பூச்சி அவ்வளவாக நாடாது. விதைச் சோளத்தையும் விதைக் காயையும் அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டது எதற்காகவோ, அதேதான் இதுவும். கேஸ் அடுப்பு வந்தபின் இந்தப் பாதுகாப்பு நின்றுபோனது. பல வீடுகளில் நூறு வருடம் வராத வண்டு இப்போது வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நான்கு கூரையிலிருந்தும் வரும் தண்ணீர் நடு முற்றத்தில் விழும். முற்றம் தாழ்ந்திருக்கும், சுற்றிலும் கல் பாவியிருக்கும், ஒரு மூலையில் ஓவு இருக்கும். அந்த ஓவு அடைபட்டால் வீடே குளம். மழைக்கு முன் ஓவில் கோல் விட்டுக் குத்துவது அந்தக் காலத்தில் ஆடி மாதத்துக்கு முந்திய வேலைகளில் ஒன்று.

கடைசியாகத் தூணின் கால். மரத்தூண் நேராக மண்ணில் நிற்காது. கருங்கல் பீடத்தின் மேல் நிற்கும். மண்ணின் ஈரம் கல்லைத் தாண்டி மரத்துக்கு ஏறாது. கறையானும் மறைந்து ஏற முடியாது. கல்லின் மேல் மண் பாதை கட்டித்தான் ஏற வேண்டும். அப்படிக் கட்டினால் வீட்டுப் பெண்கள் கண்ணில் அன்றைக்கே படும். துடைப்பத்தாலேயே தட்டிவிடுவார்கள்.

ஓடு, இறவாணம், முகப்பு, முற்றம், கல் பீடம். ஐந்தும் ஒரே வேலைக்காக. மரத்தின் ஈரம் இருபது சதவீதத்துக்கு மேல் நீடித்தால்தான் பூஞ்சணம் பிடித்து உளுக்கும். நிலத்திலிருந்து வரும் கறையானுக்கும் ஈரம் தேவை. ஈரத்தை விலக்கிவிட்டால் பாதி எதிரிகள் பட்டினி.

நெல்லுக்காகக் கட்டிய வீடு

நாஞ்சில் நாடு திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம். கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம். கும்பப்பூ நெல் மாசி, பங்குனியில் வெயிலில் அறுப்பாகும். கன்னிப்பூ நெல் ஆவணி, புரட்டாசியில் அறுப்பாகும்போது வானம் எப்போதும் மிரட்டும். அறுத்த நெல்லை அடுத்த அறுவடை வரைக்கும் வீட்டுக்குள் காப்பாற்றியாக வேண்டும். அதற்காக வந்ததுதான் மர அறையும் பத்தாயமும்.

அறையின் தரை நிலத்தில் படாது. கீழே காற்றுப்போகும் இடைவெளி விட்டு, மேலே கனத்த பலகை பாவியிருப்பார்கள். சுவரும் கனத்த பலகைதான். ஒரு பலகையின் நாக்கு அடுத்த பலகையின் காடிக்குள் போய் உட்காரும். எலி பல் வைக்க இடுக்கு கிடைக்காது. காற்றில் ஈரம் கூடும்போது பலகை கொஞ்சம் உறிஞ்சும், குறையும்போது வெளியே விடும். சிமென்ட் அறையில் மூட்டை அடுக்கினால் தரையோடு இருக்கும் மூட்டையும் சுவரோடு இருக்கும் மூட்டையும் பூத்துப்போவதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். மர அறையில் அது நடப்பது குறைவு.

மர அறை வைத்திருப்பவர்கள் அதை விறகுக் கொட்டடி ஆக்கிவிட வேண்டாம். நெல்லை நன்றாகக் காயவைத்து, ஈரப்பதம் 13 சதவீதத்துக்கு வந்தபின் உள்ளே போடுங்கள். அடுக்குக்கு அடுக்கு காய்ந்த நொச்சி இலை, வேப்பிலை போடுவது இன்றைக்கும் நல்ல பழக்கம். விதை நெல்லுக்கு இதைவிட நல்ல இடம் வீட்டில் வேறு இல்லை.

அரண்மனையிலும் மையம் சோறுதான். அங்குள்ள ஊட்டுப்புரையில் ஆயிரம் பேருக்கு மேல் உட்கார்ந்து சாப்பிட இடம் உண்டு. ஊறுகாய் வைத்த பெரிய சீனச் சாடிகளை இன்றும் பார்க்கலாம். அத்தனை பேருக்கும் இலையில் விழுந்த சோறு வயலிலிருந்து வந்தது. அந்த வயலில் இறங்கியவர்களின் வீடு எப்படி இருந்தது என்பதையும் சொன்னால்தான் வரலாறு முழுதாகும்.

எல்லோருக்கும் மர வீடு வாய்க்கவில்லை

திருவிதாங்கூரில் தேக்கு, ஈட்டி, கருங்காலி, சந்தனம் ஆகியவை ராஜ மரங்கள். சொந்த நிலத்தில் முளைத்தாலும் அவை அரசுக்கே உரியவை. இதனால்தான் குடியானவர் வீடுகளில் தேக்கு குறைவாகவும், பலாவும் அயனியும் பனையும் அதிகமாகவும் இருக்கின்றன. வாசகியின் வீட்டில் தேக்கு இல்லாதது குறை அல்ல. அந்தக் காலத்துச் சட்டத்தின் தடம்.

வயலில் உழைத்த பல சாதியாருக்கு இதைவிடக் கடுமையான தடைகள் இருந்தன. மாடி வைத்து வீடு கட்டவும் அவர்களுக்கு அனுமதி கிடையாது. கையில் காசு இருந்தாலும் ஓலைக் குடிசைக்குள் இருக்க வேண்டிய காலம். பெரிய மர வீடுகளின் அழகைப் பேசும்போது, அவற்றுக்கு நெல் சுமந்து வந்தவர்களின் குடிசை ஒன்றுகூட இன்று நிற்கவில்லை என்பதையும் நினைக்க வேண்டும்.

பின்னாளில் பெரிய வீடுகளும் விழத் தொடங்கின. அதற்குக் காரணம் கறையான் அல்ல, பாகப்பிரிவினை. நாஞ்சில் நாட்டில் வேளாளர் குடும்பங்களில்கூட மருமக்கள் வழி இருந்தது. சொத்து மகனுக்குப் போகாமல் சகோதரியின் மகனுக்குப் போகும். இந்த முறையால் குடும்பங்கள் பட்ட பாட்டைத்தான் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' என்று எழுதினார். 1920-களில் வந்த சட்டங்களால் கூட்டுச் சொத்தைப் பிரிக்க வழி பிறந்தது. அது நியாயமான மாற்றம்தான். ஆனால், நிலத்தை ஏக்கர் கணக்கில் பிரிக்கலாம், நாலுகட்டு வீட்டை எப்படிப் பிரிப்பது? ஒருவருக்குத் தெற்குக் கட்டு, ஒருவருக்கு அறை, ஒருவருக்கு அடுக்களை என்று பிரிந்தது. எல்லோருக்கும் பொதுவான கூரையில் ஓடு மாற்றுவது யாருடைய வேலையும் இல்லாமல் போனது. ஓர் ஓடு நழுவியது, கைமரம் நனைந்தது, உத்திரம் உளுத்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், மர வீடு பிரிப்பதற்கும் ஏற்றது. மரத்தோடு மரத்தைக் குடைந்து பொருத்தி மர ஆணி அடித்த வீட்டைக் கழற்றி இன்னோர் இடத்தில் மாட்டிவிடலாம். சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் இருக்கும் தட்சிணசித்ராவில் கேரளத்து மர வீடுகளை இப்படித்தான் கழற்றிக் கொண்டுவந்து மறுபடியும் நிறுத்தியிருக்கிறார்கள். வாசகியிடம் விலை பேசுகிற வியாபாரிக்கும் இது தெரியும். அவர் வாங்குவது விறகு அல்ல.

முதலில் சோதனை, பிறகு பேச்சு

விற்பதா வைத்துக்கொள்வதா என்று பேசுவதற்கு முன், வீட்டின் உடல்நிலையைப் பார்த்துவிட வேண்டும். ஒரு நாள் வேலைதான்.

மழை பெய்யும்போது மச்சில் ஏறுங்கள். எந்த ஓட்டின் கீழ் ஈரம் என்று சாக்பீஸால் குறி போடுங்கள். வெயில் நாளில் ஏறினால் ஒன்றும் தெரியாது.

தூணின் காலிலும், நிலைக்கதவின் அடியிலும், கைமரத்தின் நுனியிலும் ஒரு திருப்புளியை அழுத்திப் பாருங்கள். மேலே கீறிவிட்டு நின்றால் மரம் நல்ல மரம். விரற்கடை ஆழம் சுலபமாக இறங்கினால் அந்த இடம் உளுத்துவிட்டது. சுத்தியால் தட்டிப் பார்த்தாலும் காதுக்குத் தெரியும். உள்ளே கோறையாகிப் போன மரம் பானை போலச் சத்தம் கொடுக்கும்.

கறையான் மண் பாதையை ஒரு சாண் நீளத்துக்கு உடைத்துவிடுங்கள். இரண்டு மூன்று நாளில் திரும்பக் கட்டினால் உயிரோடு இருக்கிறது. கட்டாவிட்டால் அது பழைய பாதை.

மரத்தில் பொடித் துளைகள் இருந்தால் பயப்பட வேண்டாம். கீழே ஒரு வெள்ளைத்தாள் விரித்து வையுங்கள். ஒரு வாரத்தில் தாளில் மாவு விழுந்தால் வண்டு இருக்கிறது. விழாவிட்டால் அது தாத்தா காலத்துத் துளை.

சோதித்த ஒவ்வொரு கட்டையையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். பெரும்பாலான வீடுகளில் பத்தில் எட்டுக் கட்டை நன்றாக இருந்து, இரண்டு கட்டைக்காக வீட்டையே இடிக்கப் பேசிக்கொண்டிருப்பார்கள். அப்படி இருந்தால் பழுது பாருங்கள். பாதிக்கு மேல் உளுத்துவிட்டது, உத்திரமே தொய்ந்துவிட்டது என்றால் பழுது பார்ப்பதில் பொருள் இல்லை. நல்ல கட்டைகளைக் காப்பாற்றுவதே புத்திசாலித்தனம்.

பழுது பார்க்கும் வரிசை

முதலில் கூரை. உடைந்த ஓட்டை மாற்றாமல் கீழே எந்த மருந்து அடித்தாலும் வீண்.

இரண்டாவது தண்ணீர் வடிகால். முற்றத்து ஓவு, வீட்டைச் சுற்றிய வாய்க்கால், இறவாணத்துத் தண்ணீர் விழும் இடம். மரச் சுவரை ஒட்டிக் குளியலறை கட்டியிருந்தால் அதுதான் நோயின் வேர். குளியலறையைத் தள்ளிக் கட்டுங்கள்.

மூன்றாவது தூண். கால் மட்டும் உளுத்திருந்தால் தூணையே மாற்ற வேண்டியதில்லை. உத்திரத்துக்கு முட்டுக் கொடுத்து, உளுத்த பாகத்தை அறுத்துவிட்டு, கருங்கல் பீடத்தை அந்த அளவுக்கு உயர்த்தலாம். அல்லது அதே மரத்தில் ஒட்டுப் போடலாம். அனுபவமுள்ள தச்சர் இல்லாமல் இதைத் தொட வேண்டாம். தூணின் காலைச் சுற்றி சிமென்ட் பூசுவது பலரும் செய்யும் தவறு. ஈரம் உள்ளேயே சிறைப்பட்டு, நூறு வருடம் நின்ற தூண் சில வருடங்களிலேயே உளுத்துவிடும். பழைய தரைமேல் டைல்ஸ் போட்டு உயர்த்தும்போதும் இதே விபத்து நடக்கிறது. நிலைப்படியும் தூண் காலும் தரைக்குள் புதைந்துவிடுகின்றன.

நான்காவதாகத்தான் மருந்து. வீட்டுக்குள் இருக்கும், மழை படாத மரத்துக்கு 10 லிட்டர் தண்ணீரில் 300 கிராம் போராக்ஸ், 200 கிராம் போரிக் அமிலம் கரைத்து இரண்டு மூன்று தடவை பூசலாம். குழந்தைகளுக்கும் ஆடுமாடுகளுக்கும் எட்டாமல் வையுங்கள். கைமரம் போன்ற இடங்களுக்கு முந்திரித் தோட்டு எண்ணெய் பழைய காலம்தொட்டு நம்பிக்கையானது. தோலில் பட்டால் புண்ணாகிவிடும், கையுறை கட்டாயம். நெல் வைக்கும் அறைக்குள் இவை எதையும் பூசக் கூடாது. வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்தை அங்கே தெளிப்பது, சோற்றில் தெளிப்பதற்குச் சமம். அறையை வெயில் நாளில் திறந்துபோட்டு, பெருக்கித் துடைத்தாலே போதும்.

பழைய மின் ஒயர்களையும் மறந்துவிட வேண்டாம். மரத்தின் மேல் ஓடும் நைந்த ஒயர் கறையானைவிட ஆபத்து. குழாய் வைத்துப் புதிதாக இழுத்துவிடுங்கள்.

விற்றே ஆக வேண்டுமென்றால்

குத்துமதிப்பாக, மொத்தமாக விலை பேச வேண்டாம். கட்டை கட்டையாக அளந்து கன அடி போடுங்கள். கணக்கு எளிது. நீளத்தை அடியிலும், அகலத்தையும் கனத்தையும் அங்குலத்திலும் அளந்து மூன்றையும் பெருக்கி, 144-ஆல் வகுக்க வேண்டும். 8 அடி நீளம், 6 அங்குலத்துக்கு 6 அங்குலம் உள்ள தூண் என்றால் 2 கன அடி. 12 அடி நீளம், 8 அங்குலத்துக்கு 6 அங்குலம் உள்ள உத்திரம் 4 கன அடி. 6 அடி நீளம், 12 அங்குல அகலம், 1 அங்குலக் கனம் உள்ள பலகை அரை கன அடி. வீடு முழுவதும் அளந்து, மர வகை வாரியாகக் கூட்டிவையுங்கள். அதன்பின் இரண்டு மரக்கடைகளில் அதே வகைப் புது மரத்தின் விலையைக் கேளுங்கள். வியாபாரி சொன்ன தொகைக்கும் இதற்கும் உள்ள தூரம் அப்போதுதான் தெரியும். செதுக்கு வேலை உள்ள கதவும் நெல் அறையும் கன அடிக் கணக்கில் அடங்காதவை. அவற்றைத் தனியாகப் பேச வேண்டும். மரத்தை வண்டியில் ஏற்றும் முன் வனத்துறை அலுவலகத்தில் விதிமுறையைக் கேட்டுக்கொள்வதும் நல்லது.

நடுவழியும் ஒன்று உண்டு. மகனுக்குத் தேவை ஒழுகாத கூரை, உள்ளே குளியலறை, வந்தால் போனால் வண்டி நிறுத்த இடம். மாமியாருக்குத் தேவை அவர் வாழ வந்த வீடு. இடம் இருந்தால் பக்கத்தில் சிறிதாகப் புது வீடு கட்டி, பழைய வீட்டில் நன்றாக இருக்கும் கட்டையும் நெல் அறையையும் வைத்துக்கொள்ளலாம். கழற்றி மாட்டக்கூடிய வீடு என்பதால், உளுத்த வடக்குப் பக்கத்தை மட்டும் பிரித்தெடுத்து, அதில் தேறும் மரத்தைக் கொண்டே மற்ற பக்கங்களைப் பழுது பார்க்க முடியும். ஆனால், பழைய வீட்டைப் பூட்டிப்போட்டுவிடக் கூடாது. பூட்டிய மர வீடு விரைவில் விழும். ஆள் புழங்கினால்தான் ஒழுகுவது தெரியும், கறையான் பாதை கண்ணில் படும்.

அடுத்த வீட்டுக்கு மரம்

இந்தக் கேள்வி மர வீடு இல்லாதவர்களுக்கும் ஒரு பாடம் வைத்திருக்கிறது. அந்தத் தாத்தா வெட்டிய பலாவையும் அயனியையும் அவருக்கு முந்திய யாரோ நட்டிருக்கிறார்கள். நமக்குப் பின் வருகிறவர்கள் வெட்டுவதற்கு வரப்பில் என்ன நிற்கிறது?

பலா நடும்போது, பழத்துக்கு ஒட்டுக்கன்று, மரத்துக்கு விதைக்கன்று என்று பிரித்துக்கொள்ளுங்கள். விதைக்கன்றுதான் நேராக உயர்ந்து நல்ல நடுமரம் கொடுக்கும். அயனிக்கு ஈரப்பதமான மலையடிவாரப் பகுதிகள் பொருத்தம். வறண்ட பகுதிகளில் வேம்பும் பனையும் இருக்கவே இருக்கின்றன. எந்த மரமானாலும் வைரம் பாய்ந்த நடுப்பகுதிதான் வீட்டுக்கு உதவும். சுற்றியிருக்கும் வெளிறிய பாகத்தில் மாவுச்சத்து இருப்பதால் வண்டு முதலில் அங்கேதான் வரும். இளமரத்தை அவசரப்பட்டு வெட்டி நிலை செய்தால் அது முழுவதும் வெளிறுதான்.

வெட்டிய மரத்தைக் குளத்தில் ஊறப்போட்டு, பின் நிழலில் மெல்ல உலர்த்துவது பழைய முறை. ஊறும்போது மாவுச்சத்தின் ஒரு பகுதி கரைந்து போகும், வண்டுக்குத் தீனி குறையும். தேய்பிறையில் வெட்ட வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. பிறை பார்க்கிறோமோ இல்லையோ, ஊறவைப்பதையும் நிழலில் உலர்த்துவதையும் விட்டுவிடக் கூடாது.

வாசகிக்குக் கடைசியாக ஒன்று. விலை பேச்சை ஒரு மழைக்காலம் தள்ளிவையுங்கள். மாமியாரிடம் உட்கார்ந்து, எந்த மழைக்கு எந்தப் பக்கம் ஒழுகும், கடைசியாக ஓடு மாற்றியது எப்போது, வேலை செய்த தச்சர் வீட்டார் யார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மகனை மச்சில் ஏற்றி, நனைகிற இடத்தில் சாக்பீஸால் குறி போடச் சொல்லுங்கள். வடக்குப் பக்கத்து ஓடுகளை மட்டும் இப்போதே மாற்றிவிடுங்கள். அதற்கு ஆகும் செலவு, விற்பதாக முடிவானாலும் வீண் போகாது; நனையாத மரத்துக்குத்தான் விலை. சோதனை நோட்டு கையில் வந்தபின் மூன்று பேரும் உட்கார்ந்து பேசினால், பேச்சு கோபத்தில் தொடங்காமல் கணக்கில் தொடங்கும்.